ஒரு பாக்குக்கு ஒரு வெட்டு

தூங்குறாரா, தூங்கலையா? இப்போ எனக்குத் தெரியவேண்டியது அது ஒண்ணுதான். தளவாயோட வலது கால் என் மடியில கிடக்கு. பதினோரு வருஷமா பிடிச்சுவிடுற கால், என் காலைவிட எனக்கு இது நல்லாத் தெரியும். தூக்கம் வந்துட்டா பாதம் வெளிப்பக்கம் சாயும், கட்டைவிரல் ஒரு தடவை துள்ளும், அதுக்கப்புறம் மூச்சு வாய்வழியா வர ஆரம்பிக்கும். இன்னைக்குப் பாதம் சாஞ்சிருக்கு, கட்டைவிரல் துள்ளலை. மூச்சு மூக்குலயே நிக்குது. மார்மேல ரெண்டு கையையும் கோத்துக்கிட்டுக் கிடக்குறார், கண்ணு மூடியிருக்கு. அந்தக் கண்ணு மூடினா என்ன, திறந்தா என்ன. ஐயோ, இதை நினைக்கவே கூடாதுன்னு எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நினைச்சா முகத்துல தெரியும், முகத்துல தெரிஞ்சா எவனாவது பார்ப்பான். இங்க பார்க்க யாரும் இல்லை. கூடாரத்துக்குள்ள அவரும் நானும் மட்டும்தான். வாசல்ல எர்ரப்பன் ஈட்டியோட காவல் நிக்கிறான், அவன் முதுகுதான் தெரியுது. மத்தியான வெயில் துணியில இறங்கி உள்ள எல்லாமே மஞ்சளா இருக்கு. வெளியே உடைமரத்துல கட்டிப்போட்டிருக்கிற ஆளு இருமுறார். இருமாதே ராசா. நீ இருமும்போதெல்லாம் என் கை நின்னு போகுது, கை நின்னா இவருக்குத் தெரிஞ்சுபோகும்.

இவர் எழுந்திரிச்சு, முகம் கழுவி, தாம்பூலம் போட்டு, முதல் சாறைத் துப்பினதுக்கு அப்புறம்தான் இந்தப் படைப் பாளையத்துல எந்தத் தண்டனையும் நடக்கும். அது இவர் அப்பா காலத்து வழக்கமாம். காலையில கோபத்துல சொன்ன சொல்லு மத்தியானத் தூக்கத்தைத் தாண்டியும் நிக்குதான்னு பார்க்கணுமாம். நிக்காமப் போனதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், அது ஒரு யானைப்பாகனுக்கு. தான் போடவேண்டிய வெற்றிலையைத் தான் போடாம அவனுக்கு அனுப்பிவச்சார். வெற்றிலை வந்துட்டா உசிரு வந்துட்டதுன்னு அர்த்தம். பாகன் அதை மெல்லக்கூட இல்லை, அப்படியே முழுங்கிட்டான், கை பட்டா யாராவது பிடுங்கிடுவாங்கன்னு பயம். மத்தவங்களுக்கெல்லாம் இவர் தாம்பூலம் போட்டார், துப்பினார், வெளியே நகரா முரசு அடிச்சுது, முடிஞ்சுபோச்சு. அந்தத் தாம்பூலத்தை மடிச்சுக் கொடுக்கறவன் நான். அடைப்பைக்காரன். வெற்றிலைப் பையைத் தூக்கிக்கிட்டு எசமான் பின்னாலயே நடக்குற அடிமை. இவர் கல்யாணத்துல பொண்ணு வீட்டார் வெள்ளிச் சுண்ணாம்புக் கரண்டகம், பாக்குவெட்டி, பட்டுப் பை எல்லாம் சீர் கொடுத்தாங்க, அதைத் தூக்கிக்கிட்டு நின்ன என்னையும் சேர்த்துக் கொடுத்துட்டாங்க. அம்மா வச்ச பேரு மூக்கன். எனக்கு முன்னால பிறந்த மூணும் செத்துப்போச்சுன்னு, எமன் ஏமாந்து போகட்டும்னு எனக்கு மூக்குக் குத்திவிட்டாள். அந்த ஓட்டை இன்னும் இருக்கு, பயம் வந்தா விரலு தன்னால அங்க போயிடும். இப்போ போகக்கூடாது. ரெண்டு கையும் இவர் கால்ல இருக்கணும். பேரு மட்டும் போயிடுச்சு, பையோட பேரே எனக்குப் பேரா வந்துடுச்சு. அடைப்பை, இங்க வா. அடைப்பை, தூரப் போ.

வெளியே கட்டிக்கிடக்கிற ஆளு என்னை அண்ணேன்னு கூப்பிட்டார். இந்த இடத்துலதான் வந்து வந்து முட்டிக்கிறேன். காலையில, கூடாரத்துக்கு வெளியே, வெயில் ஏறாத நேரம். கள்ளிமேடுன்னு ஒரு கோட்டை, கோட்டைன்னு சொல்லக்கூடாது, மண்சுவரு, முந்தாநாள் சண்டை போடாமலே கதவைத் திறந்துவிட்டாங்க. அதோட காவல்காரர் அணஞ்சபெருமாள் சரண் சொல்ல வந்து நின்னார். நாற்பது வயசு இருக்கும், தோள்ல வெளுத்த துண்டு, வேர்த்து வழியுது. வாசல்ல இருந்த படைத்தலைவனுங்க, சேர்வைக்காரனுகளை எல்லாம் விட்டுட்டு என்கிட்ட வந்தார். 'அண்ணே, உள்ள போய் எப்படிண்ணே நிக்கணும்? விழுந்து கும்பிடணுமா, நின்னு கும்பிட்டாப் போதுமா?' யாரையோ கேட்கிறார்னு நான் பின்னால திரும்பிப் பார்த்தேன். வெட்கக்கேடு. 'விழுந்துடுங்க. எழுந்திரிச்சதும் ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால வைங்க, கீழ விடாதீங்க'ன்னு சொன்னேன். சரி சரின்னு தலையை ஆட்டினவர் மடியிலேருந்து சின்னதா ஒரு பாக்குவெட்டியை எடுத்துக் காட்டினார். 'இது இருக்கலாமாண்ணே? ஆயுதம்னு சொல்லிடப் போறாங்க.' நான் சிரிச்சேன். அதிகாரம் இருக்கிறவன் மாதிரி சிரிச்சேன், நாசமாப் போற சிரிப்பு. 'பாக்குவெட்டிதானே, இருக்கட்டும்'னு சொன்னேன். உடனே அவர் ஒரு கொட்டைப்பாக்கை என் கையில வச்சு அமுக்கினார். 'எங்க ஊர்ப் பாக்குண்ணே. ஓடைக்கரையில எங்க மரம்தான் நாலு நிக்குது. ஒரு நாள் வாங்க, எங்க வீட்டுல சாப்பிடலாம்.' வாங்கன்னார். சாப்பிடலாம்னார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டது, அதை மறைக்கறதுக்காகக் குனிஞ்சு பையைச் சரி பண்ணினேன்.

கால் அசையுது. இல்லை, ஈ. ஈ உட்கார்ந்துச்சு, நான் ஊதினேன், போயிடுச்சு. தூங்கினா ஈ உட்கார்றது தெரியாதே, இவருக்குத் தெரிஞ்சதா? ஆடுசதை இறுகின மாதிரி இருந்துச்சு. என் கைதான் இறுகியிருக்கும். மெல்ல, மெல்ல. மேலேருந்து கீழ, முழங்காலுக்குக் கீழ ரெண்டு விரக்கடையில ஒரு நரம்பு முடிச்சு இருக்கு, அங்க அழுத்தினா இவருக்குச் சுகம். இந்த உடம்புல எனக்குத் தெரியாத இடம் இல்லை. அதுதானே வினை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் வெற்றிலையை நீட்டினேன், இவர் கை வெற்றிலைக்கு ஒரு சாண் தள்ளிப் போய் வெறுங்காத்தைப் பிடிச்சுது. அப்பவே தெரிஞ்சது. வெளியே பார்த்தா கண்ணு கண்ணாத்தான் இருக்கும், உள்ள விளக்கு அணைஞ்சுபோச்சு. ஒரு வைத்தியர் வந்து எலுமிச்சம்பழச் சாறு பிழிஞ்சார், மூலிகை வச்சுக் கட்டினார், கடைசியில கையை விரிச்சுட்டார். அன்னைக்கு இவர் பேசின மாதிரி அன்பா நான் கேட்டதே இல்லை. 'வைத்தியரே, ஊருக்குப் போகணும்னு இருக்குதா? மாடு தர்றேன், சால்வை தர்றேன்.' வைத்தியர் எப்படிக் குளிர்ந்துபோனார். மூணாம் நாள் மாடு மட்டும் திரும்பி வந்துச்சு, கழுத்துல மணி ஆடிக்கிட்டு. அதுக்கு வைக்கோல் வச்சவன் நான்தான். அது சாப்பிடற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன், என்னமோ அது வந்து சொல்லிடப் போறமாதிரி. ஆக இவருக்குக் கண்ணு இல்லைங்கறது தெரிஞ்சவன் உலகத்துல இப்போ ஒருத்தன்தான் மிச்சம். அவன் இங்க உட்கார்ந்து கால் பிடிக்கிறான்.

என்னை ஏன் விட்டுவச்சார்? நான் வேணும், அதுதான். நடக்கும்போது என் தோள்மேல கை போட்டுக்கிட்டு நடப்பார், அடிமைக்கு எவ்வளவு இடம் கொடுக்கறார் பாருன்னு படையில எல்லாரும் பேசுவாங்க. எதிர்ல வந்து நிக்கறவன் யாருன்னு பேச்சை வச்சுக் கண்டுபிடிச்சுடுவார், காது அவ்வளவு கூர்மை. ஆனா எவன் மடியில கத்தி இருக்குன்னு காது சொல்லாதே. அதுக்கு இவரே ஒரு வழி பண்ணினார். யாராவது முன்னால வந்து நின்னா நான் பின்னால நின்னு பாக்கு வெட்டணும். ஒரு வெட்டுன்னா கை சும்மா இருக்கு, பயம் இல்லை. ரெண்டு வெட்டுன்னா மடியில என்னமோ இருக்கு, ஜாக்கிரதை. அடைப்பைக்காரன் பாக்கு வெட்டறதை எவன் கவனிக்கப்போறான்? டக். டக் டக். ரெண்டு வருஷமா இவர் உசிரு அந்தச் சத்தத்துலதான் தொங்குது. ரெண்டு வருஷமா நான் ஒரு தடவைகூடத் தப்பு பண்ணினதில்லை. ராத்திரியே பாக்கை ஊறப்போட்டு, விரலால அமுக்கிப் பார்த்து, உள்ளவரை ஊறினதை மட்டும்தான் சபைக்கு எடுத்துக்கிட்டுப் போவேன். ஊறாத பாக்கு வெட்டியில நிக்காது, நழுவும், ரெண்டா உடையும். இது எனக்குத் தெரியாதா? என் தொழிலே இதுதானே? தெரிஞ்சும் இன்னைக்கு ஊறின பாக்கைப் பையில விட்டுட்டு அவர் கொடுத்த பாக்கை எடுத்தேன். காய்ஞ்ச பாக்கு. எங்க ஊர்ப் பாக்குண்ணேன்னு சொன்ன பாக்கு. அவர் வந்து நிக்கும்போது அவர் கொடுத்ததையே வெட்டணும்னு ஒரு ஆசை. மடப்பயலே. அடிமைக்கு என்னடா ஆசை?

அவர் விழுந்து கும்பிட்டார். எழுந்திரிச்சார். நான் சொன்னபடியே ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால வச்சார், வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார், சரியா நிக்கறேனாண்ணேன்னு கேட்கிற மாதிரி. நான் பாக்கை வெட்டியில வச்சு அமுக்கினேன். நழுவிச்சு, பட்டுன்னு உடைஞ்சுது, பாதி வெட்டியிலயே நின்னுபோச்சு, கை பழக்கத்துல அதையும் அமுக்கிடுச்சு. டக் டக்.  எசமானோட முதுகு நிமிர்ந்தது. 'இவனைக் கட்டுங்கடா. மடியைப் பாருங்க.' பாய்ஞ்சாங்க. மடியில பாக்குவெட்டி. ஒரு சேர்வைக்காரன் அதைத் தூக்கிக் காட்டி, 'இது கழுத்து நரம்பை அறுக்காதா?'ன்னு கேட்டான். அவ்வளவு தூரத்துலேருந்து தளவாய் எப்படிக் கண்டுபிடிச்சார்னு எல்லாரும் வாயைப் பிளந்தாங்க, தளவாய்க்கு நெத்தியிலயும் கண்ணு இருக்குன்னு ஒருத்தன் சொன்னான். இவர் மீசையைத் தடவிக்கிட்டார். அணஞ்சபெருமாள் கத்தலை, திமிறலை. என்னையே பார்த்தார். நீங்கதானேண்ணே இருக்கட்டும்னு சொன்னீங்க, அவ்வளவுதான் அந்தப் பார்வையில இருந்துச்சு. என் பேரைச் சொல்லிடுவார்னு பயந்தேன். 'அந்த அடைப்பைக்காரரைக் கேளுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவர் சொல்லலை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்னு நினைச்சாரா, நானே சொல்லிடுவேன்னு நினைச்சாரா? நான் கீழ சிதறின பாக்கைப் பொறுக்கிக்கிட்டிருந்தேன்.

சொல்லிடு. எழுந்திரிச்சதும் சொல்லிடு, தாம்பூலத்துக்கு முன்னால. சாமி, பாக்கு நழுவிப்போச்சு, அது ஒரு வெட்டுதான். எவ்வளவு சின்னப் பேச்சு, நாலு வார்த்தை. சொன்னா என்ன ஆகும்? தப்பு பண்ணுற அடைப்பை இவருக்கு எதுக்கு? நம்பமுடியாத சத்தம் இவருக்கு எதுக்கு? தேவையில்லாதவன், ஆனா தெரிஞ்சவன். வைத்தியர் மாதிரி. அப்போ சொல்லாதே. சொல்லாட்டி என்ன ஆகும்? நகரா அடிக்கும், அவர் போயிடுவார், சாயங்காலம் நான் கூழு குடிப்பேன், நாளைக்குப் பாக்கு ஊறப்போடுவேன். ஒருத்தனுக்கும் தெரியாது. எத்தனை பேர் செத்துப்போறாங்க இந்தப் படையில, நானா எண்ணிக்கிட்டிருக்கேன்? அவர் யாரு எனக்கு? ஒட்டா உறவா? காலையில ஒரு நாழிகை பேசினார், அவ்வளவுதானே. வேறென்ன. அண்ணேன்னார். சொன்னா நாக்கை அறுத்துட்டு விட்டுடுவாரோ? நாக்கு இல்லாமலும் பாக்கு வெட்டலாமே, இன்னும் நல்லது இவருக்கு. இதுவரைக்கும் இவருக்கு இது தோணலை, நான் நினைச்சு நினைச்சே இவர் கால் வழியா ஏறித் தோணிடப் போகுது. சொல்லிடறேன். இல்லை, சொல்லமாட்டேன். கூழு எனக்கு இறங்குமா? இறங்கும். இதுக்கு முன்னால எத்தனையோ தடவை இறங்கியிருக்கு. அதை நினைச்சாத்தான் எனக்கு என்மேலயே காறித் துப்பணும்னு வருது.

வெளியே பேச்சுச் சத்தம். அவர்தான். எர்ரப்பன்கிட்ட கொஞ்சம் தண்ணி கேட்கறார். 'தளவாய் எழுந்திரிக்கட்டும், அப்புறம் உனக்கு எதுக்கு தண்ணி?'ன்னு எர்ரப்பன் சிரிக்கிறான். பாவி. 'இல்லைங்க, ஏதோ தப்பா நடந்துபோச்சு'ன்னு அவர் சொல்றார். குரல் கரகரன்னு இருக்கு, ஆனா பயம் இல்லை, அதுதான் எனக்குக் குலை நடுங்குது. 'உள்ள அண்ணன் இருக்கார். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் எசமான்கிட்ட சொல்லுவார்.' 'எந்த அண்ணன்?' 'வெற்றிலைப் பை வச்சிருக்காரே, அவர்.' எர்ரப்பன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், ஈட்டிக்கம்பு தரையில இடிபடுது. 'அடைப்பையா? அவன் சொல்லித் தளவாய் கேட்கப் போறாரா? நல்லாச் சொன்னே போ.' அவர் திரும்ப இருமுறார். வாயை மூடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் வாயை மூடுங்க. இது எசமான் காதுல விழுந்திருக்கும். தூங்கினா விழுந்திருக்காது. தூங்குறாரா? கட்டைவிரலைப் பார்க்கிறேன். என் உசிரே அந்தக் கட்டைவிரல்லதான் இருக்கு. துள்ளு, ஒரு தடவை துள்ளு. துள்ளமாட்டேங்குது. அப்படின்னா இவ்வளவு நேரமும் முழிச்சுக்கிட்டு, என் கை எங்க நிக்குது, எங்க நடுங்குதுன்னு கேட்டுக்கிட்டே கிடக்கிறார். என் கைதான் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு.

"அடைப்பை." கண்ணைத் திறக்காமலே கூப்பிடறார். தூங்கினவரோட குரல் இல்லை இது. "தண்ணி."

தண்ணி கொடுக்கறேன். முகம் கழுவிவிடறேன். துண்டால ஒத்தி எடுக்கறேன், கண்ணைச் சுத்தி மெதுவா. திரும்ப சாஞ்சு காலை என் மடியில போட்டுக்கறார். "பாக்கு"ங்கறார். பையைத் திறக்கறேன். வெற்றிலை எடுத்துக் காம்பு கிள்ளறேன், நரம்பு உரிக்கறேன், சுண்ணாம்பு தடவறேன். கொஞ்சமாத் தடவு, கை நடுங்கினா அதிகமாகும், இவர் வாய் வெந்துபோகும். பாக்கு எடுக்கணும். இப்போ எடுக்கணும். வெட்டணும், மடிக்கணும், கொடுக்கணும், துப்புவார், நகரா. இப்போ சொல்லலைன்னா எப்பவும் இல்லை. வாசல்ல நிக்கறவனுக்குக் கேட்காம, குரலை அடக்கிச் சொல்றேன்.

"சாமி, காலையில..."

"காலையில என்ன?"

"பாக்கு நழுவிப்போச்சு சாமி. அது ஒரு வெட்டுதான். அந்தக் கள்ளிமேட்டார் கை சும்மாத்தான் இருந்துச்சு. அவர் மடியில இருந்தது வெறும் பாக்குவெட்டி, நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன். என் தப்பு சாமி."

சொல்லிட்டேன். நானா சொன்னேன்? நாக்கு இன்னும் வாயிலதான் இருக்கு, தடவிப் பார்த்துக்கறேன். தலையைக் குனிஞ்சு வச்சிருக்கேன். எர்ரப்பனைக் கூப்பிடுவார். இப்போ கூப்பிடுவார்.

"தெரியும்டா"ங்கறார், அவரும் குரலை அடக்கி.

என்ன சொல்றார்?

"வெட்டற சத்தம் வேற, உடையற சத்தம் வேற. கண்ணு போனவனுக்கு இதுகூடத் தெரியாதா? கட்டுங்கடான்னு வாய் சொல்லிடுச்சு, அந்த நிமிஷமே காதுக்குப் புரிஞ்சுபோச்சு." சிரிக்கிறார், தொப்பை குலுங்குது. "ஆனா மடியில என்னமோ இருந்துச்சே. எல்லாரும் எப்படி வாயடைச்சு நின்னாங்க, கேட்டியா? நாலு மாசமா என் கண்ணைப் பத்திச் சந்தேகமா முணுமுணுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. இனிமே பேசமாட்டாங்க. அந்த ஆளு போனாப் போறான். வெட்டு, நேரமாகுது."

தெரியும். காலையிலேருந்தே தெரியும். நான் இங்க உட்கார்ந்து செத்துச் செத்துப் பிழைச்சேனே, அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டே காலை நீட்டிக்கிட்டுக் கிடந்திருக்கார். சொன்னா என்ன ஆகும், சொல்லாட்டி என்ன ஆகும்னு மண்டையை உடைச்சுக்கிட்டேனே, ரெண்டும் ஒண்ணுதான். என் தப்புக்காகக்கூட அந்த மனுஷன் சாகப்போறதில்லை. நாலு பேர் வாயைப் பிளக்கறதுக்காகச் சாகப்போறார். பயம் இப்பவும் இருக்கு, ஆனா அதுக்கு அடியில வேற என்னமோ சூடா ஏறி வருது, இது என்னன்னு எனக்குப் பழக்கம் இல்லை. கோபமா? எனக்கா? ஊறின பாக்குல ஒண்ணை எடுக்கறேன். விரலால அமுக்கிப் பார்க்கறேன், உள்ளவரை ஊறியிருக்கு, நழுவாது, உடையாது. வெட்டியில வைக்கறேன். டக். சுத்தமான வெட்டு. பாதியை எடுத்துத் திருப்பி வைக்கறேன்.

டக்.

மடியில இருந்த கால் சுருங்குது. ரெண்டு வருஷமாப் பழகின கால், சத்தம் கேட்டதும் அதுவே சுருங்கிடுச்சு. தலையைத் தூக்கறார், கண்ணு திறந்திருக்கு, கூடாரம் பூரா தேடுது. "யாரு? எதிர்ல யாரு?"

"யாரும் இல்லை சாமி. நான்தான் இருக்கேன்."

காலை மடியிலேருந்து இழுத்துக்கறார். கை தலைமாட்டுல கத்தியைத் தேடுது. கத்தி ஓரமா, நான் துடைச்சு வச்ச இடத்துல இருக்கு. எங்கேன்னு நான் சொல்லலை. பாக்குவெட்டி என் கையில இருக்கு, இந்தச் சின்ன வெட்டி, இது கழுத்து நரம்பை அறுக்காதான்னு காலையில கேட்டானே. அறுக்குமோ என்னவோ. எனக்கு அந்த நினைப்பு இல்லை, சத்தியமா இல்லை. ஆனா எனக்கு இல்லைங்கறது இவருக்கு எப்படித் தெரியும்? இவருக்கு என் முகம் தெரியாது. எர்ரப்பனைக் கூப்பிடலாம், ஒரு சத்தம் போட்டாப் போதும். கூப்பிட்டு என்ன சொல்லுவார்? என் அடைப்பை ரெண்டு தடவை பாக்கு வெட்டிட்டான்னா? நெத்தியில கண்ணு இருக்கிற தளவாய்?

"அடைப்பை." குரல் இறங்கிப்போச்சு. "சாயங்காலம் இன்னும் நாலு பேர் சரண் சொல்ல வர்றாங்க."

"ஆமா சாமி."

"அவங்களுக்குச் சரியா வெட்டுவியா?"

"கள்ளிமேட்டாருக்கு இந்த வெற்றிலை போனாச் சரியா வெட்டுவேன் சாமி."

யாரு பேசினது அது? என் குரல்தான்.  ஈ திரும்ப வந்து இவர் முழங்கால்ல உட்காருது, நான் ஓட்டலை, இவரும் ஓட்டலை. அப்புறம் கையை நீட்டறார். வெற்றிலையை மடிச்சு உள்ளங்கையில வைக்கறேன். வாய்க்குக் கொண்டுபோகலை, அப்படியே கையில வச்சுக்கிட்டு, "எர்ரப்பா!"ன்னு கூப்பிடறார். எர்ரப்பன் குனிஞ்சு உள்ள வர்றான். "இதை அந்தக் கள்ளிமேட்டான்கிட்ட கொடு. தளவாய் மனசு இரங்கினார்னு எல்லாரும் கேட்கச் சொல்லு." எர்ரப்பன் ரெண்டு கையாலயும் வாங்கறான், என்னைப் பார்க்கறான், திரும்ப இவரைப் பார்க்கறான், வெளியே போறான்.

வெளியே கூட்டம் கூடுற சத்தம். கட்டு அவிழ்க்கறாங்க. 'நான்தான் சொன்னேன்ல, அண்ணன் சொல்லுவார்னு!' வெற்றிலையை வாயில போட்டுக்கிட்டுப் பேசறார், பேச்சு குழறுது. அழறாரா சிரிக்கறாரான்னு தெரியலை. அப்புறம், 'ஐயா, என் பாக்குவெட்டி? அது எங்க அப்பாவோடது, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கய்யா'ன்னு ஒவ்வொருத்தனையா கேட்டுக்கிட்டிருக்கார். போய்யா, போ. அதை விட்டுட்டு ஓடு, ஓடைக்கரைக்கு ஓடிப்போயிடு. எனக்குச் சிரிப்பு வருது, மூக்குல தண்ணி ஒழுகுது, துடைக்கக் கை வரலை. அவர் நடந்து போறது கேட்குது. ஒரு இருமல் பக்கத்துல, ஒரு இருமல் தூரத்துல.

கால் திரும்ப என் மடிக்கு வருது. முதல்ல வலது கால், அப்புறம் இடது கால். ரெண்டும் சில்லுன்னு இருக்கு. ரெண்டும் நடுங்குது. இத்தனை வருஷத்துல இவர் கால் நடுங்கி நான் பார்த்ததில்லை. பிடிச்சுவிடறேன், மேலேருந்து கீழ, முடிச்சு இருக்கிற இடத்துல கொஞ்சம் அழுத்தி. நடுக்கம் மெல்ல அடங்குது.

"மூக்கா"ங்கறார்.

இந்தப் பேரு இவருக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது.

"சாமி."

"சாயங்காலம் அந்த நாலு பேரும் வந்துட்டுப் போகட்டும்." குரல்ல அவ்வளவு அன்பு. "உனக்கு ஊருக்குப் போகணும்னு இருக்குதாடா? மாடு தர்றேன், சால்வை தர்றேன்."

"சாமி உத்தரவு"ன்னு சொல்றேன்.

விரலு மூக்கு ஓட்டைக்குப் போகுது, இந்தத் தடவை நான் தடுக்கலை. அப்புறம் பையைத் திறந்து, சாயங்காலத்துக்குன்னு ஊறின பாக்கு நாலை எடுத்து, காயாம இருக்கத் தண்ணியில போடறேன்.